வடிவில் பாம்பு, இனத்தில் மீன்

 

இம்மாதம் ஒரு மீனைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. மார்க்க விளக்கத்திற்கும் இல்லற ஒழுக்கத்திற்கும் உரிய இப்பக்கத்தில் மீனுக்கு என்ன வேலை என்று நீங்கள் வியப்படையலாம். அம்மீன் ஒரு குடும்பத்தின் அமைதியைக் குலைத்திருக்கிறது. ஆகவேதான் அதனைப் பற்றி எழுதுகிறேன்.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய கணவர் விசைப்படகில் தொழில் செய்பவர். ஒருநாள் தம் பங்காகக் கிடைத்த மீன்களோடு, ஆழத்திலிருந்து இழுவலையில் ஏறி வந்த நீண்ட மீன் ஒன்றையும் அவர் வீட்டிற்குக் கொண்டு வந்தார். விலாங்கு வகைதான், உண்ணலாம் என்று உடன் வந்தோர் கூறினராம். சகோதரி அதனை அரிந்து ஆணம் காய்ச்சினார். அடுப்படிக்கு வந்த மாமியார், ஒதுக்கி வைத்திருந்த தலையையும் வாலையும் கண்டு பதறிப்போனார். "பாம்பை அறுத்தா என் பிள்ளைக்கு ஆக்கிப் போடுகிறாய்?" என்று அவர் போட்ட சப்தம் தெருவரை கேட்டது. ஆணம் சட்டியோடு வெளியே கொட்டப்பட்டது. அத்தோடு முடியவில்லை. அன்றுமுதல் மாமியார் அச்சகோதரியின் கையால் சமைத்ததை உண்பதில்லை. "ஹராத்தை ஆக்கியவள்" என்ற சொல் அண்டை வீடுகளிலும் உலவுகிறது. "நான் உண்மையிலேயே ஹராத்தைச் சமைத்துவிட்டேனா? என் நெஞ்சு நிம்மதியாக இல்லை" என்று கேட்டு அவர் கடிதத்தை முடித்திருக்கிறார்.

தாம் அரிந்த அப்பிராணியின் அடையாளங்களை அவர் கவனமாக எழுதியிருப்பது பாராட்டிற்குரியது. உடலில் செதில் இல்லை. முதுகு நெடுக மெல்லிய துடுப்பு ஓடியது. தலைக்குப் பின்னால் இருபுறமும் சிறு கீற்றுப் போன்ற துவாரங்கள் இருந்தன. வாலின் நுனியில் மட்டும் துடுப்பில்லை; அது ஊசி போல் கூர்ந்து கெட்டியாக இருந்தது. இவையே அவர் தந்த அடையாளங்கள்.

நான் கலைப் பாடம் பயின்றவன், விலங்கியல் கற்றவனல்லன். ஆயினும் ஒரு பொருளின் சட்டத்தைக் கூறுமுன் அப்பொருள் யாதென அறிய வேண்டும் என்பது மதரஸாவில் நாங்கள் முதலில் படிக்கும் பாடம். பொருளைத் தவறாக விளங்கியவன் தரும் தீர்ப்பும் தவறாகவே முடியும். எனவே மீன்களைப் பற்றிய நூல்களைப் புரட்டினேன். அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

சகோதரி கூறும் அடையாளங்கள் 'பாம்பு விலாங்கு' எனத்தக்க ஒரு மீன் குடும்பத்திற்கு உரியவை. இக்குடும்பத்தில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் உலகக் கடல்களில் வாழ்கின்றன. இவற்றுள் புகழ்பெற்ற பேரினத்திற்கு 1789ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் உப்சாலாவில் அஹ்ல் என்பவர் 'ஒஃபிக்தஸ்' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'ஒஃபிஸ்' என்றால் பாம்பு. 'இக்தஸ்' என்றால் மீன். அதாவது 'பாம்பு மீன்'. இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனை வேறொரு மொழியில் சந்திப்போம்.

பாம்பையும் இம்மீனையும் பிரித்தறிவது எவ்வாறு? கடற்பாம்பு ஊர்வன இனத்தைச் சார்ந்தது. அதற்கு நுரையீரல் உண்டு. மூச்சு வாங்க நீர்மட்டத்திற்கு வந்தே தீர வேண்டும். அதன் உடலைச் செதில்கள் மூடியிருக்கும். செவுள் துவாரம் கிடையாது; எவ்விதத் துடுப்பும் கிடையாது. அதன் வால் படகின் துடுப்பைப் போல் இருபுறமும் தட்டையாக அமைந்திருக்கும். பாம்பு விலாங்கோ செவுளால் மூச்சு விடுவது. தலைக்குப் பின்னால் இருபுறமும் உள்ள கீற்றுகள் அச்செவுளின் வாயில்களே. உடலில் செதில் இல்லை. முதுகிலும் அடிப்புறத்திலும் தாழ்ந்த நீண்ட துடுப்புகள் உண்டு. ஆகவே நீருக்குள் ஊர்ந்து சென்றாலும் அது முழுமையான மீன்.

மற்ற விலாங்குகளினின்றும் இதனைப் பிரித்துக் காட்டுவது வால் நுனியாகும். சாதாரண விலாங்கில் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலைச் சுற்றி வந்து ஒன்றாக இணைந்துவிடும். பாம்பு விலாங்குகளில் பெரும்பாலானவற்றில் அத்துடுப்புகள் வால் முனைக்கு முன்பே நின்றுவிடும். முனை வெறுமையாய், கடினமாய், கூராய் இருக்கும். அக்கூர்மை வீணானதன்று. அம்மீன் கடலடி மணலையும் சேற்றையும் வாலால் துளைத்துப் பின்புறமாகவே உள்ளே இறங்கிவிடும். பின்னர்த் தலையை மட்டும் வெளியே நீட்டி, இரையை எதிர்பார்த்திருக்கும். இதனைப் பெரிய மீன்கள் விழுங்கினால், இது அந்த வாலாலேயே அவற்றின் இரைப்பையைத் துளைத்து வெளியேற முயல்வதுண்டு. அவ்வாறு வெளியேறி, விழுங்கிய மீனின் வயிற்றறையில் சிக்கி இறந்து உலர்ந்து கிடந்த பாம்பு விலாங்குகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்துள்ளனர். ஒரு சிறு பிராணிக்கு அதன் வாழ்வுக்கேற்ற கருவியை வால் நுனியில் வைத்துப் படைத்த வல்லவனின் ஆற்றலை என்னென்பது!

இன்னும் சில அடையாளங்கள் உள்ளன. இதன் பின் நாசித் துவாரம் பெரும்பாலும் மேலுதட்டிலேயே திறந்திருக்கும். தொண்டையின் அடியில் மெல்லிய எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கூடை பின்னியது போன்ற அமைப்பைத் தரும். முதுகெலும்பில் நூற்றுக்கு மேற்பட்ட கணுக்கள் இருக்கும்.

இக்குடும்பத்தில் ஆழ்நீரில் வாழும் ஓர் இனத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் இவை இன்னும் தெளிவாகும். அமெரிக்கக் கண்டத்தின் மெக்சிகோ வளைகுடாவில் 'அரசப் பாம்பு விலாங்கு' என்ற இனம் உள்ளது. 15 மீட்டர் முதல் 366 மீட்டர் வரையான ஆழத்தில் அது வாழ்வதாகப் பதிவாகியுள்ளது. இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். அதாவது ஓர் ஆளின் உயரத்தையும் விஞ்சும். உடல் பருமனானது. இளம்பழுப்பு நிறத்தின்மேல், முதுகின் குறுக்கே சேணம் போட்டாற்போல் பன்னிரண்டுக்கு மேற்பட்ட அகன்ற கரும்பட்டைகள் இருக்கும். பற்கள் வலியவை. வால் முனை, தன் குடும்ப வழக்கப்படியே, துடுப்பின்றிக் கூர்ந்திருக்கும். எண்ணெய்க் கிணற்று மேடைகளின் அருகே ஆழத்தில் தூண்டில் இடுவோர் சில சமயங்களில் இதனைப் பிடித்து மேலே இழுத்துவிட்டுத் திடுக்கிடுவதுண்டு.

இவ்வளவு பெரிய மீன், மனிதர் நாள்தோறும் தொழில் செய்யும் கடலில் வாழ்ந்தும், அது தனி இனம் என்று அறிவியல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1980ஆம் ஆண்டில்தான். போல்கே, கருசோ என்ற இருவர் அதனை விவரித்து 'ரெக்ஸ்', அதாவது அரசன், என்று பெயரிட்டனர். நம் கண்முன் இருப்பதெல்லாம் நாம் அறிந்தவையே என்று எண்ணுவோருக்கு இதில் பாடம் உண்டு. 2010ஆம் ஆண்டிலோ, மக்காஸ்கர் என்ற அறிஞர் இந்தோ-பசிபிக் ஆழ்நீர்ப் பகுதியிலிருந்து இதே பேரினத்தில் ஒன்பது புதிய இனங்களை ஒரே ஆய்வில் வெளியிட்டார்.

ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரிக்க இவ்வறிஞர்கள் மேற்கொள்ளும் உழைப்பு வியப்பிற்குரியது. ஆழ்நீர் இனங்கள் பல ஒரே பழுப்பு நிறத்தில், பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். எனவே நிறத்தை மட்டும் நம்பி அவர்கள் முடிவு கூறுவதில்லை. முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பிற்கு முன்னே தொடங்குகிறதா, பின்னே தொடங்குகிறதா என்று நோக்குகின்றனர். பற்கள் எத்தனை வரிசை என்று பார்க்கின்றனர். தலையிலுள்ள நுண் துவாரங்களை எண்ணுகின்றனர். எக்ஸ்ரே படம் எடுத்து, முதுகெலும்புக் கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகின்றனர். இவ்வளவும் ஒத்துவந்த பின்னரே 'இது இன்ன மீன்' என எழுதுகின்றனர். சகோதரி அரிந்த மீன் இக்குடும்பத்தில் எந்த இனம் என்பதைக் கடிதத்தைக் கொண்டு கூற இயலாததும் இதனால்தான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல, அது மீன் என்ற அளவே போதுமானது.

வெளித்தோற்றம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இதே குடும்பத்தில் மற்றொரு சான்று உள்ளது. செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை, ஆழங்குறைந்த பவளப் பாறைப் பகுதிகளில் ஒரு பாம்பு விலாங்கு வாழ்கிறது. வெண்ணிற உடலில் கருவளையங்கள். நஞ்சுடைய கட்டுவரிக் கடற்பாம்பைப் பார்ப்பது போலவே இருக்கும். அறிஞர்கள் தனித்தனியே 1781இல் மீனுக்கும், 1799இல் பாம்பிற்கும் பெயரிட்டபோது, 'பாம்பு போன்றது' என்னும் பொருள்படும் ஒரே அடைமொழியை இரண்டிற்கும் வழங்கினர். பாம்பின் தோற்றத்தை அணிந்திருப்பதால் பகைவர்கள் அஞ்சி விலக, இம்மீன் பாதுகாப்புப் பெறுகிறது என்பர். பகைவர் ஏமாறுவது போல் மனிதரும் ஏமாறலாம் அல்லவா?

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதைத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 96ஆம் வசனம் அறிவிக்கிறது. ஷாஃபியீ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக ஆகுமானவை. நஞ்சு முதலிய தீங்குடையவை விலக்கப்படும். ஹனஃபீ மத்ஹபில் நீர்வாழ்வனவற்றுள் மீன் மட்டுமே ஆகுமானது. எனவே ஹனஃபீ சட்ட அறிஞர்களுக்கு 'இது மீனா, அன்றா?' என்ற கேள்வி மிகவும் இன்றியமையாததாக இருந்தது. ஹிஜ்ரி 428இல் மறைந்த இமாம் குதூரீ (ரஹ்) அவர்கள் தம் சட்டச் சுருக்க நூலில் இரண்டு நீர்வாழ் பிராணிகளைப் பெயர் சொல்லி, அவற்றை உண்பதில் குற்றமில்லை எனத் தெளிவுபடுத்தினார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் 'மார்மாஹீ'. பாரசீக மொழியில் 'மார்' என்றால் பாம்பு. 'மாஹீ' என்றால் மீன்!

கிரேக்கப் பெயரை நினைவில் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? கிரேக்கனும் பாரசீகனும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றனர். மார்மாஹீ என்பது பாம்பின் வடிவிலுள்ள மீன் என்று பிற்காலச் சட்ட நூல்களும் விளக்கம் தருகின்றன. எத்தனையோ மீன்கள் இருக்க, இதனை மட்டும் தனியே குறிப்பிட்டது ஏன்? தோற்றத்தைக் கண்டு, இது மீன்தானா என்ற ஐயம் மக்களுக்கு எழும் என்பதை அப்பெரியோர்கள் அறிந்திருந்தார்கள். இன்று ஒரு கடற்கரை வீட்டின் அடுப்படியில் எழுந்த ஐயம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதிலும் எழுந்திருக்கிறது; அதற்கு விடையும் எழுதப்பட்டிருக்கிறது. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவிலும் அவ்விடை இடம்பெற்றுள்ளது.

எனவே சகோதரி அவர்களே! நீங்கள் எழுதிய அடையாளங்கள் சரியானவையாயின், நீங்கள் சமைத்தது மீன். அதனைச் சமைத்ததில் உங்கள்மீது குற்றமில்லை. உங்கள் நெஞ்சு நிம்மதி அடையட்டும்.

ஆனால் என் கடிதம் இத்தோடு முடிந்துவிட்டால், மாமியாரைத் தோற்கடிக்க ஓர் ஆயுதத்தைக் கொடுத்தவனாவேன். அது என் நோக்கமன்று.

ஒருமுறை அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில், சுட்ட உடும்பு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் வைக்கப்பட்டது. அது உடும்பு என்று அறிவிக்கப்பட்டதும் பெருமானார் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள், அது ஹராமா என்று வினவினார்கள். இல்லை என்றும், தம் மக்கள் வாழும் பகுதியில் அது இல்லாததால் தமக்கு அதில் விருப்பமில்லை என்றும் அண்ணலார் விடை பகர்ந்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், அண்ணலார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடும்பின் சட்டத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சபையின் ஒழுக்கத்தை. மனம் ஒப்பாத உணவைப் பெருமானார் உண்ணவில்லை, உண்டவரைத் தடுக்கவுமில்லை, மனம் ஒப்பாமையை ஹராம் என்று அறிவிக்கவுமில்லை.

அருவருப்பு வேறு, ஹராம் வேறு. இவ்விரண்டையும் நாம் எத்தனை வீடுகளில் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம்! நாவு சொன்னபடியெல்லாம் இது ஹலால், இது ஹராம் என்று கூறுவதைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 116ஆம் வசனம் கடுமையாக எச்சரிக்கிறது. பாம்பு போன்ற ஒன்றைக் கண்டு ஒரு முதிய தாய் பதறியது இயல்பே. தம் மகன் ஹராத்தை உண்டுவிடக் கூடாதே என்ற அச்சமும் போற்றத்தக்கதே. ஆனால் அப்பதற்றத்தில் பிறந்த சொல், ஆராயப்படாமல் தெருவிற்குப் போய்விட்டது. ஆணத்தைக் கொட்டியது ஒருநாள் நஷ்டம்; மருமகளின் பெயரைக் கொட்டியதை அள்ளி எடுப்பது எளிதன்று.

கணவருக்கும் ஒரு சொல். உங்கள் மனைவி உங்கள் சொல்லை நம்பியே சமைத்தார். பழி வந்தபோது பேச வேண்டியவர் நீங்கள். அடுத்த முறை இத்தகைய மீன் கிடைத்தால், அதனை அரியுமுன் உங்கள் உம்மாவிடம் காட்டுங்கள். செவுள் கீற்றையும் முதுகுத் துடுப்பையும் அவர் விரலாலேயே தொட்டுப் பார்க்கட்டும். பார்த்த பின்னும் உண்ண மனமில்லை எனில் வற்புறுத்தாதீர்கள். அவருக்கென்று வேறு மீன் ஆக்கச் சொல்லுங்கள். ஆனால் 'ஹராம்' என்ற சொல்லை அவர் திரும்பப் பெற வேண்டும் என்பதை மகனுக்குரிய பணிவோடு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அதனை மருமகள் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

படகில் செல்லும் இளைஞர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மீனைப் பாம்பென எண்ணினால் ஒருவேளை உணவுதான் வீணாகும். பாம்பை மீனென எண்ணினால் உயிரே போகலாம். நம் கடற்கரையார் 'வலகடியன்' என்று அழைக்கும் கடற்பாம்பு கொடிய நஞ்சுடையது. அப்பெயர் ஆங்கில நூல்களிலும் ஏறியிருக்கிறது. அது மீனோடு சேர்ந்து வலையில் வருவது வழக்கம். கடற்பாம்பின் கடி முதலில் வலியின்றியே இருக்கலாம். உடல் வலியும் தசை இறுக்கமும் சிறிது நேரம் கழித்தே தோன்றும். நம் நாட்டு மருத்துவமனைகளில் உள்ள வழக்கமான பாம்புக்கடி மருந்து நிலப்பாம்புகள் நான்கிற்காகத் தயாரிக்கப்படுவது. கடற்பாம்பிற்கு அது உரியதன்று. ஆகவே வலையில் நீண்டு நெளியும் எதனையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கடிபட்டால் வலியில்லையே என்று இருந்துவிடாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதலில் வாலைப் பாருங்கள். தட்டையான வாலும் செதிலும் கண்டால் விலகுங்கள். அறியாத இனம் வந்தால், தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை அதனைச் சமைக்கக் கொண்டு செல்லாதீர்கள். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையங்கள் உள்ளன. மீனின் இனத்தை அங்குள்ள அறிஞர்களிடம் கேட்கலாம். சட்டத்தை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். இருவரையும் கேட்பதில் இழுக்கில்லை.

ஆழ்கடலின் இருளில் வாழும் ஒரு மீனுக்குப் பெயர் சூட்டுமுன் அறிஞர்கள் அதன் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றனர். நம்முடன் ஒரே கூரையின்கீழ் வாழும் மனிதருக்கு ஒரு பெயர் சூட்டுமுன் நாம் எதனை எண்ணிப் பார்த்தோம்? ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்றும் அது எச்சரிக்கிறது.

சகோதரி அவர்களே! இப்பக்கத்தை உங்கள் மாமியாரிடம் வாசித்துக் காட்டுவதானால், வென்றுவிட்ட குரலில் வாசிக்காதீர்கள். அன்று அவர் பிள்ளைக்காக அஞ்சினார் என்பதை நினைவில் கொண்டு வாசியுங்கள். அல்லாஹ் உங்கள் இருவர் உள்ளங்களையும் இணைத்து, உங்கள் அடுப்படியில் பரக்கத்தைச் சொரிவானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.